உண்ணி யாருடைய இரத்தத்தைக் குடித்தது? வாழிடமும் பாக்டீரியாத் தொற்றும்

மாட்டின் காதுமடலிலும் நாயின் விரலிடுக்கிலும் ஆமணக்கு விதையைப் போலப் பருத்து ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அது இரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, சில வேளைகளில் நோய்க்கிருமியையும் உடலுக்குள் செலுத்திவிடுகிறது என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் ஒரே இனத்து உண்ணிகள் ஒரு காட்டில் பெரும்பாலும் கிருமியற்றவையாகவும், அதே வட்டாரத்தில் உள்ள இன்னொரு காட்டில் கணிசமான பங்கு கிருமியைச் சுமப்பவையாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. ஓரிடத்தில் பிடிபட்ட உண்ணிகளில் நூற்றுக்கு எத்தனை கிருமியோடு இருக்கின்றன என்ற கணக்கைத் தொற்று விகிதம் என்கிறோம். அந்த விகிதம் காட்டுக்குக் காடு, புல்வெளிக்குப் புல்வெளி மாறுவது எப்படி என்பதை இக்கட்டுரை எளிமையாக விளக்க முயல்கிறது. மிக விரிவாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோயான அமெரிக்காவின் லைம் நோய் என்பதால், பெரும்பாலும் அந்நாட்டுக் காடுகளைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது.

1970களின் நடுவில், கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரிலும் அதைச் சுற்றியும் பல குழந்தைகளுக்கு மூட்டுவீக்கம் கண்டது. ஓரிரு தெருக்களுக்குள்ளேயே இத்தனை பேருக்கு எப்படி வந்தது என்று தாய்மார்கள் எழுப்பிய ஐயத்திலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது. 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி, நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, தக்கைத் திருகி போன்ற சுருள் வடிவ பாக்டீரியாக்கள் நெளிவதைக் கண்டார். பின்னர் அவருடைய பெயராலேயே அது பொரெலியா பர்க்டோர்ஃபெரி என்று அழைக்கப்பட்டது. லைம் நோய்க்குக் காரணம் அந்தப் பாக்டீரியாவே. அதைச் சுமப்பது கருங்கால் உண்ணி.

இந்த உண்ணியின் வாழ்க்கையை அறிந்துகொண்டால் பாதி விளக்கம் கிடைத்துவிடும். அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில், முழு வயிறு நிறையும்படி மூன்றே முறைதான் இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து ஆறு கால்களோடு வெளிவரும் லார்வா மணல்துகள் அளவே இருக்கும். அது கோடையின் பிற்பகுதியில் ஒரு விலங்கைப் பற்றிக் குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து, எட்டுக் கால்களோடு கசகசா அளவுள்ள நிம்ஃப் என்ற அடுத்த பருவத்தை அடைகிறது. அடுத்த ஆண்டின் வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் நிம்ஃப் இரண்டாம் முறை குடித்து, இலையுதிர் காலத்தில் முழு வளர்ச்சி பெற்ற உண்ணியாகிறது. பெண் உண்ணி மூன்றாம் முறையாக, பெரும்பாலும் ஒரு மானின் மேல், இரத்தம் குடித்தபின் முட்டையிட்டு இறந்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி, தாய் உண்ணியின் உடலில் இந்தப் பாக்டீரியா இருந்தாலும் அது முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குச் செல்வது மிக மிக அரிது என்பதுதான். லார்வா ஏறக்குறையத் தூய்மையாகவே பிறக்கிறது. ஆகவே காட்டில் பிடிபட்ட ஒரு நிம்ஃபின் உடலில் கிருமி இருந்தால், அது லார்வாவாக இருந்தபோது உண்ட ஒரே ஒரு வேளை உணவிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற உண்ணிக்கு அந்த வாய்ப்பு இரண்டு முறை. வாழிடம் உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பதில்லை; உண்ணி யாருடைய இரத்தத்தைக் குடிக்கும் என்பதையே வாழிடம் தீர்மானிக்கிறது. தொற்று விகிதம் என்பது அந்த நிலத்து உண்ணிகள் சென்ற வேளையில் யார் மேல் பசியாறின என்பதற்கான பதிவேடு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் முரண்போல் தோன்றும் செய்திகள் எல்லாம் ஒரே இழையில் கோர்க்கப்படும்.

ஆனால் பசியாறுவதற்கு முன் உண்ணி உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத் தேவை ஈரம். அது பாயவோ பறக்கவோ செய்யாது. புல்நுனியிலோ தாழ்ந்த தளிரிலோ ஏறி, பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் விரித்து நீட்டியபடி அசையாமல் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களின் முனையில் உள்ள உணர்வுறுப்பு, விலங்கின் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் மோப்பம் பிடிக்கிறது. காத்திருக்கும் நேரமெல்லாம் அதன் சிற்றுடலிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தாங்க முடியாதபோது கீழே இறங்கி, சருகுகளுக்கிடையே உள்ள ஈரக்காற்றிலிருந்து நீரை மீட்டுக்கொண்டு மறுபடி ஏறும். எனவே கனத்த சருகுப் படுகையும் நிழலும் உள்ள இலையுதிர் காடு அதற்கு உகந்த இடம். வெயில் காயும் கத்தரித்த புல்தரை அதற்குக் கொலைக்களம். நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில் வீட்டுமனைகளை ஆராய்ந்து 1991இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கிடைத்த உண்ணிகளில் நூற்றுக்குச் சுமார் 67 மரங்களடர்ந்த பகுதியிலும், 22 காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட புதர்விளிம்பிலும், 9 அலங்காரச் செடிகளுக்கடியிலும், 2 மட்டுமே புல்தரையிலும் இருந்தன.

இவை எண்ணிக்கையைப் பற்றிய விவரங்கள். தொற்று விகிதம் வேறு கணக்கு. அதற்கு அந்த நிலத்தில் வாழும் விலங்குகளை அணுகிப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லா விலங்கும் உண்ணிக்கு உணவு தரும், ஆனால் எல்லா விலங்கும் கிருமியைத் தராது. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வாழும் வெண்கால் எலி, லைம் பாக்டீரியாவின் தலையாய சேமக்கிடங்கு. கிருமி அதன் உடலில் மாதக்கணக்கில் தங்கியிருந்தாலும் அதற்குப் பெரிய நோயெதுவும் வருவதில்லை. அதன் மேல் குடிக்கும் லார்வாக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 கிருமியோடு இறங்குகின்றன. ஒப்போசம், ரக்கூன் ஆகிய விலங்குகளின் மேல் குடித்தவற்றில் நூற்றுக்கு மூன்று கூட அவ்வாறு ஆவதில்லை. பருவங்களின் வரிசையும் பாக்டீரியாவுக்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது: சென்ற ஆண்டு கிருமியைப் பெற்ற நிம்ஃப் கோடையின் தொடக்கத்தில் எலியைக் கடித்துக் கிருமியைக் கொடுக்கிறது, சில வாரங்கள் கழித்துப் புதிதாகப் பொரித்த லார்வா அதே எலியைக் கடித்து அதைப் பெற்றுக்கொள்கிறது.

மானைப் பற்றிய குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. இந்த உண்ணிக்கு மான் உண்ணி என்ற பெயரும் வழங்குவதால், மானிடமிருந்துதான் நோய் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். மானின் உடலிலிருந்து லைம் பாக்டீரியா உண்ணிக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். மான் செய்வதெல்லாம், முழு வளர்ச்சி பெற்ற உண்ணிகளுக்கு உணவளித்து, அவை ஆயிரக்கணக்கில் முட்டையிட உதவுவதுதான். ஆகவே மான்கள் மிகுந்த காட்டில் உண்ணிகளின் எண்ணிக்கை கூடும், எலிகள் மிகுந்த காட்டில் தொற்று விகிதம் கூடும். இரண்டும் ஒரே இடத்தில் மிகும்போதுதான் இடர் பெரிதாகிறது.

நியூயார்க்கின் டச்சஸ் கவுன்டியில் வேளாண் நிலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் மேப்பிள் காடுகளில், பிரையன் ஆலன், ஃபெலிசியா கீசிங், ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்ட் ஆகியோர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. 0.7 ஹெக்டேர் முதல் 7.6 ஹெக்டேர் வரை பரப்புள்ள துண்டுகளை அவர்கள் ஒப்பிட்டபோது, 2 ஹெக்டேருக்கும் குறைந்த மிகச் சிறிய துண்டுகளில் நிம்ஃபுகளும் அதிகமாக இருந்தன, அவற்றில் கிருமியுள்ளவற்றின் பங்கும் அதிகமாக இருந்தது. காடு சுருங்கும்போது நரி, கீரியைப் போல் தோன்றும் வீசல் முதலிய வேட்டையாடிகள், பெரிய பாலூட்டிகள் போன்றவை முதலில் மறைந்துவிடுகின்றன. வெண்கால் எலியோ எதையும் தின்று எங்கும் பிழைக்கக் கூடியது, கையகலக் காட்டிலும் பெருகிவிடும். அத்தகைய துண்டில் பொரிக்கும் லார்வாவுக்கு முன்னால் இருக்கும் பந்தி முழுவதும் எலிகளே. பல வகை விலங்குகள் வாழும் பெருங்காட்டிலோ, அதே லார்வா கிருமியைத் தராத ஒரு விலங்கின் மேல் தன் ஒரே வேளை உணவை முடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பிருக்கிறது. பல்லுயிர் வளம் தொற்றை நீர்த்துப்போகச் செய்கிறது என்ற இந்தக் கருத்தை நீர்ப்பு விளைவு என்பார்கள்.

இக்கருத்தை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் வலு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. விலங்கினங்களின் எண்ணிக்கை கூடினாலே தொற்று குறைந்துவிடாது. கூடுகிற இனம் எது, அது எத்தனை உண்ணிகளுக்கு உணவளிக்கிறது, அதன் இரத்தம் கிருமியை என்ன செய்கிறது என்பவையே விடையைத் தருகின்றன. காடு அதேதான், மரங்களும் அவையே என்றிருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு மாறும். ஓக் மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாக மிகுதியாகக் காய்க்கும். அந்த இலையுதிர் காலத்தில் விதைகள் தரையெங்கும் இறைந்து கிடக்க, எலிகள் பட்டினியின்றிக் குளிரைக் கடந்து மறுகோடையில் பெருகுகின்றன. அக்கோடையின் லார்வாக்கள் அந்த எலிகள் மேல் பசியாறி, அதற்கடுத்த கோடையில் கிருமியுள்ள நிம்ஃபுகளாக எழுகின்றன. மரம் காய்த்ததற்கும் மனிதருக்கு இடர் கூடுவதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

விகிதத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த வாழிடத்தையும் ஆபத்தானது என்றோ ஆபத்தற்றது என்றோ சொல்லிவிட முடியாது. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காட்டில் 1,000 சதுர மீட்டருக்கு 120 நிம்ஃபுகள், தொற்று விகிதம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம், கிருமியுள்ளவை 12. பக்கத்துப் புதர்நிலத்தில் அதே பரப்பில் 30 நிம்ஃபுகளே உள்ளன, ஆனால் விகிதம் நூற்றுக்கு முப்பது, கிருமியுள்ளவை 9. விகிதத்தை மட்டும் பார்த்தால் புதர்நிலம் மூன்று மடங்கு மோசமாகத் தெரியும், நடந்து செல்பவருடைய காலில் கிருமியுள்ள நிம்ஃப் ஏறுவதற்கான வாய்ப்போ காட்டில்தான் அதிகம். இந்தப் பெருக்கற்பலனைத்தான் ஆய்வாளர்கள் கிருமியுள்ள நிம்ஃபுகளின் அடர்த்தி என்று தனியாகக் குறிக்கிறார்கள். அதுவும்கூட நோயாளிகளின் எண்ணிக்கையை அப்படியே காட்டிவிடாது. லைம் ஊரைச் சுற்றியுள்ள பகுதிகளில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. காடு அதிகமாகத் துண்டான இடங்களில் உண்ணிகளும் தொற்றும் மிகுந்திருந்தும், மனிதரிடையே நோய் குறைவாகவே பதிவாகியிருந்தது. மனிதர் அந்த நிலத்தில் எவ்வளவு புழங்குகிறார் என்பது இன்னொரு காரணி.

கலிபோர்னியாவுக்குச் சென்றால் படம் தலைகீழாகிறது. கிழக்கு மாநிலங்களில் நிம்ஃபுகளில் ஐந்தில் ஒன்று அளவுக்கும், முழு வளர்ச்சி பெற்றவற்றில் ஏறக்குறையப் பாதி அளவுக்கும் கிருமி இருப்பது வழக்கம். இரண்டு வேளை உண்டவற்றில் ஒரு வேளை உண்டவற்றைவிடத் தொற்று கூடியிருப்பது எதிர்பார்க்கத் தக்கதே. கலிபோர்னியாவின் மேற்குக் கருங்கால் உண்ணியிலோ முழு வளர்ச்சி பெற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே கிருமியோடு இருக்க, நிம்ஃபுகளில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்ட பின் கிருமி எங்கே போனது?

விடை ஓர் ஓணானின் இரத்தத்தில் இருந்தது. மேற்கு வேலி ஓணான் என்று சொல்லத்தக்க அந்த ஊர்வன, நம் ஊர் ஓணானைப் போலவே வேலிக்கம்பத்திலும் மரக்கட்டையிலும் ஏறி வெயில் காயும். அடிவயிற்றில் நீலத்திட்டுகள் இருக்கும். வசந்த காலத்தில் அதைப் பிடித்துப் பார்த்தால், காதுத்துளையைச் சுற்றியும் கழுத்தின் பக்கவாட்டு மடிப்புகளிலும் லார்வாக்களும் நிம்ஃபுகளும் கொத்தாக அப்பியிருப்பதைக் காணலாம். ராபர்ட் லேனும் அவருடைய சகாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஓணானின் இரத்தத்தில் உள்ள ஏதோவொரு பொருள் லைம் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது என்பதைக் காட்டியது. கிருமியோடு ஓணானைக் கடிக்கும் நிம்ஃபின் குடலுக்குள்ளும் அந்த இரத்தம் சென்று கிருமியை அழித்துவிடுகிறது. உணவு இங்கே மருந்தாகவும் ஆகிவிடுகிறது. வெயில் விழும் திறந்த புல்வெளியும் ஓணான்களும் கலந்த நிலம் ஒரு வகை. ஓக் சருகு கனத்துக் கிடக்கும், மேற்குச் சாம்பல் அணில்கள் நடமாடும் நிழற்காடு இன்னொரு வகை. இரண்டாம் வகையில் நிம்ஃபுகளின் தொற்று விகிதம் உயர்ந்திருப்பதற்கு, அந்த அணில் அங்கே கிருமியின் சேமக்கிடங்காக இருப்பதும் ஒரு காரணம்.

அப்படியானால் ஓணான்கள் இல்லாமல் போனால் இடர் கூட வேண்டுமல்லவா? ஆண்ட்ரியா ஸ்வெய் தலைமையிலான குழு, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில், குறிப்பிட்ட நிலத்துண்டுகளிலிருந்து ஓணான்களைப் பிடித்து அகற்றிவிட்டுப் பார்த்தது. 2011இல் வெளிவந்த முடிவு பலரும் எதிர்பாராதது: உணவிழந்த லார்வாக்களில் மிகச் சிறு பங்கே வேறு விலங்குகளுக்குத் தாவியது, மற்றவை பசியாறாமல் மறைந்தன. அடுத்த ஆண்டு நிம்ஃபுகளின் எண்ணிக்கையே விழுந்துவிட்டதால், கிருமியுள்ள நிம்ஃபுகளின் அடர்த்தியும் குறைந்தது. ஓணான் ஒரே நேரத்தில் கிருமியை அழிப்பதாகவும் உண்ணியை வளர்ப்பதாகவும் இருக்கிறது. மேலே போட்ட பெருக்கல் கணக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் அறியேன்.

ஐரோப்பாவில் இந்த நோயைப் பரப்பும் உண்ணியின் அறிவியற்பெயர் ஐக்சோடிஸ் ரிசினஸ். ஆமணக்குச் செடியின் அறிவியற்பெயரும் ரிசினஸ்தான். உண்ணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே, விதையின் தோற்றத்தைக் கண்டு ஆமணக்குக்கு வைக்கப்பட்டது. ஜெர்மனியில் மாடுகள் மேயும் நிலத்திலும் மேய்ச்சலின்றித் தரிசாக விடப்பட்ட நிலத்திலும் பிடித்த உண்ணிகளை ஒப்பிட்டபோது, மேய்ச்சல் நிலத்து உண்ணிகளில் லைம் வகைப் பாக்டீரியா குறைவாக இருந்தது. மாட்டின் மேல் குடிக்கும் உண்ணியும் கிருமியை இழந்துவிடுகிறது என்பதே காரணம். ஆனால் அதே மேய்ச்சல் நிலம் அனப்பிளாஸ்மா என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு ஏற்ற இடமாக அமையலாம், ஏனெனில் அதற்கு அசைபோடும் விலங்குகள் நல்ல புகலிடம். ஆகவே ஒரு நிலம் தொற்று மிகுந்ததா என்று கேட்கும்போது, எந்தப் பாக்டீரியாவின் தொற்று என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ரிக்கெட்சியா வகைப் பாக்டீரியாக்கள் தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லக் கூடியவை என்பதால், அவற்றில் விலங்குகளின் பங்கு, அதன் வழியே வாழிடத்தின் பங்கு, இவ்வளவு நேரடியாகத் தெரிவதில்லை.

இத்தனை விகிதங்களும் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் அளவுள்ள வெள்ளை ஃபிளானல் துணியை ஒரு கழியில் கட்டி, சருகின் மேலும் புல்லின் மேலும் மெல்ல இழுத்துக்கொண்டு நடப்பார்கள். பத்திருபது மீட்டருக்கு ஒருமுறை நின்று துணியைத் திருப்பி, அதில் தொற்றிக்கொண்ட கசகசா அளவு நிம்ஃபுகளை இடுக்கியால் எடுத்துச் சாராயக் குப்பியில் போடுவார்கள். பிறகு ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நசுக்கி, பாக்டீரியாவின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பத்து நிம்ஃபுகளில் மூன்றில் கிருமி இருந்தால் விகிதம் நூற்றுக்கு முப்பது என்று எழுதிவிடலாம், ஆனால் புள்ளியியல் கணக்குப்படி அந்த நிலத்தின் உண்மையான விகிதம் ஏழிலிருந்து அறுபத்தைந்து வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கக் கூடும். ஆயிரத்தில் முந்நூறு என்றால்தான் அது இருபத்தேழுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இடையில் சுருங்குகிறது. செய்திகளில் வரும் விகிதங்களைப் படிக்கும்போது, எத்தனை உண்ணிகளைச் சோதித்தார்கள் என்பதையும் எந்தப் பருவத்து உண்ணிகள் என்பதையும் தேடிப் பார்க்குமாறு வாசகர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

காட்டை மட்டுமே இதுவரை துணி இழுத்துப் பார்த்தவர்களுக்குக் கலிபோர்னியாவின் கடற்கரை ஒரு புதிய கேள்வியை வைத்திருக்கிறது. டேனியல் சால்கெல்டும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கடலை ஒட்டிய புதர்நிலங்களில் முழு வளர்ச்சி பெற்ற உண்ணிகள் ஏராளமாக இருந்தன. அவற்றின் தொற்று விகிதமும் உள்நாட்டுக் காடுகளில் உள்ளதற்கு இணையாகவே இருந்தது. அங்கே ஓக் காடு இல்லை. அதைச் சார்ந்து வாழும் சாம்பல் அணிலும் இல்லை. உப்புக்காற்று வீசும் அந்தப் புதர்களுக்குள் லார்வாக்களும் நிம்ஃபுகளும் எந்த விலங்கின் மேல் பசியாறிக் கிருமியைப் பெற்றன என்பது அந்த ஆய்வில் விடை கிடைக்காத கேள்வியாகவே நின்றது.